முகப்புப் படிகள் குறித்து அண்ணனுக்கு ஓர் அறிவிப்பு

நீங்கள் இருந்த காலத்தில் நான் உங்களுக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் க்ஷேமம் விசாரித்துத் தொடங்கின. இது அவ்வாறு தொடங்காது. முதலில் பிராதுகள், காலவரிசையில்.

1. ஸ்ரீமுக வருஷம், மாசி மாதம். நீங்கள் படுக்கையில் இருந்தபடி, இவ்வீட்டின் முகப்பு, படிகள், நிலை, கதவு, தூண் ஆகிய எதையும் எக்காலத்தும் எக்காரணங்கொண்டும் இடிக்கவோ குறைக்கவோ மாற்றவோ கூடாதென்று உயில் எழுதுவித்தீர்கள். அதை நிறைவேற்றும் பொறுப்பைத் தம்பியாகிய என் பேரில் வைத்தீர்கள். உங்கள் மனைவியை, என் அண்ணமிண்டியை, ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2. மேற்படி வருஷம் பங்குனி முதல் பவ வருஷம் பங்குனி வரை. துக்கம் காக்கும் வழக்கத்தின் பேரில் அண்ணமிண்டி உள்கட்டு அறையில் ஒரு வருஷம் உட்கார வைக்கப்பட்டார்கள். உங்கள் மரணத்தினால் நேர்ந்தது ஆகையால் இதையும் உங்கள் பேரிலேயே எழுதுகிறேன்.

3. யுவ வருஷம், சித்திரை. துக்க வருஷம் கழிந்து முகப்புக்கு வந்த அண்ணமிண்டி, தெருவில் இறங்கக் காலை வைத்து, படியில் விழுந்தார்கள்.

4. மேற்படி வருஷம், ஆனி. அவர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள். தெரு சிரித்தது.

5. மேற்படி வருஷம், ஐப்பசி. எதிர்வீட்டு உமையாள் ஆச்சி படுக்கையில் விழுந்தார்கள். நடுவே இருப்பது ஒரு மாட்டு வண்டி திரும்பும் அகலமுள்ள தெரு. அதைக் கடந்து அண்ணமிண்டியால் போக முடியவில்லை.

6. மேற்படி வருஷம், கார்த்திகை, சென்ற சனிக்கிழமை. இதை அதற்குரிய இடத்தில் விவரிக்கிறேன். மற்ற ஐந்தையும் நான் பொறுத்திருப்பேன். இதைப் பொறுக்க முடியவில்லை.

முகப்பில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே நல்லெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சுகிறார்கள். அந்த வாசனை உள்திண்ணையான பட்டாலையைத் தாண்டி இங்கே வந்து நிற்கிறது. ஒரு காலத்தில் இந்த முகப்பில் சந்தனமும் புகையிலையும் மணக்கும். இப்போது காலையும் மாலையும் இந்த ஒரே வாசனைதான். இரண்டு முட்டிகளிலும் எண்ணெய் ஊறும்வரை அண்ணமிண்டி காலை நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்திருப்பார்கள். எண்ணெயால் ஒன்றும் ஆகவில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். தேய்த்துவிடுகிற வேலைக்காரிக்கும் தெரியும். செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் தேய்க்கிறார்கள்.

இந்த வீடு எழும்பிய காலத்தில் நான் சென்னையில் பி.ஏ. வகுப்பில் இருந்தேன். ரங்கூன் வட்டிக்கடையில் மூன்று வருஷத் தவணை முடித்து நீங்கள் திரும்பியிருந்தீர்கள். தேக்கு கப்பலில் வந்து இறங்கியது. விடுமுறைக்கு நான் வந்தபோது முகப்புக்குக் கருங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தலைமைக் கொத்தனார் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உங்களிடம் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

“ஒசரம் சாஸ்தியாப் போகுதுங்க செட்டியாரே. பொண்டுக புள்ளைக ஏறி எறங்கணுமே.”

“ஏறட்டும். என் வீட்டுக்கு வாரவன் காலைத் தூக்கி வச்சு வரட்டும்” என்றீர்கள்.

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சென்னைக்குத் திரும்பி விடுதி நண்பர்களிடம் உங்கள் வார்த்தையைப் பெருமையாகச் சொல்லிக்காட்டினேன். எதிர்வீட்டார் மட்டும் சிரிக்கவில்லை. மறு வருஷமே உமையாள் ஆச்சியின் மாமனார் தம் வீட்டு முகப்பை இடித்து, நம்முடையதைவிட ஒரு விரற்கடை கூட்டிக் கட்டினார். நீங்கள் அடுத்த தவணை முடிந்து வந்து, நம் முகப்பின் மேல் இன்னொரு கல் வரிசை ஏற்றினீர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் தெரு வாய்க்காலைப் போலப் பள்ளமாய்க் கிடக்கிறதென்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதையும் நாம் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டோம்.

அந்தப் படிகளில் அன்று யார் ஏறினார்கள் என்பதை நான் நினைவூட்டவேண்டும். ஊருணியிலிருந்து இடுப்பில் குடத்துடன் அண்ணமிண்டியும் உமையாள் ஆச்சியும் சேர்ந்து வருவார்கள். ஒரே வருஷத்தில் இந்தத் தெருவுக்கு மணமாகி வந்தவர்கள். நடுத்தெருவில் பிரிந்து, ஆளுக்கொரு பக்கம் திரும்பி, யார் முதலில் மேலே போவது என்று போட்டி போட்டு ஏறுவார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாது. “பாத்துடி, ஒம் மாமனாரு ஒசத்துன ஒசரத்துக்கு ஏணி வேணும்” என்பார்கள் அண்ணமிண்டி. “ஒன் வீட்டுக்காரரு மானத்துல கட்டியிருக்காரே, அதுக்கு என்ன வேணும்?” என்று பதில் வரும். நீங்கள் சாய்வு நாற்காலியிலிருந்து அதைக் கேட்டு மீசைக்குள் சிரிப்பீர்கள். கால்கள் எல்லாக் காலத்துக்கும் அப்படியே இருக்கும் என்று நாம் எல்லோரும் நம்பினோம். வீட்டை நூறு வருஷத்துக்குக் கட்டினீர்கள். அதில் குடியிருப்பவர்களுக்கு வயதாகும் என்பதை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை.

உயிலுக்கு வருகிறேன். பர்மாவில் நெல் விலை விழுந்து, நம்மவர் பலர் கை ஒடிந்து திரும்பிய சமயம். நம் தெருவிலேயே ஒரு வீட்டின் கதவுகள் வண்டியில் ஏறிப் போயின. நீங்கள் படுக்கையிலிருந்து ஜன்னல் வழியாக அதைப் பார்த்திருந்தீர்கள். தேவகோட்டையிலிருந்து நான் வந்து சேர்ந்ததும், “இன்னிக்குக் கதவை வித்தவன் நாளைக்குத் தூணை விப்பான். எழுதுடா” என்றீர்கள்.

“ஓடு ஒழுகுனா என்ன செய்யண்ணே?” என்று கேட்டேன்.

“மராமத்துப் பாரு. மாத்தாதே.”

நோக்கம் நியாயமானது. அதை நான் மறுக்கவில்லை. அந்த நோக்கத்துக்கு வாசகம் கொடுத்தவன் நான். கோர்ட்டில் என் வாசகங்களுக்கு ஒரு பெயர் உண்டு. எதிர்க்கட்சி வக்கீல் விரல் நுழைக்க இடம் இருக்காது என்பார்கள். ‘எக்காலத்தும் எக்காரணங்கொண்டும்’ என்று எழுதிவிட்டு ஒரு முறை வாய்விட்டு வாசித்தேன். நீங்கள் கண்ணை மூடிக் கேட்டீர்கள். என் கையைப் பிடித்து உங்கள் கைக்குள் வைத்துக்கொண்டீர்கள். என் வாழ்நாளில் எழுதிய வாக்கியங்களில் அதைப் போல் கச்சிதமானது வேறில்லை. அதை இன்று நான் வெறுக்கும் அளவுக்கு வேறு எதையும் வெறுத்ததில்லை.

நீங்கள் போனீர்கள். அண்ணமிண்டி மூலையில் உட்கார்ந்தார்கள். துக்கம் கேட்க வருகிறவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். எழுந்து நடமாடினால் ‘அதுக்குள்ள எந்திருச்சுட்டா பாரு’ என்று பேச்சு வரும். குளிக்கவும் உண்ணவும் மட்டும் எழுந்தார்கள். கால் நீட்டினால்கூட யாராவது பார்ப்பார்கள் என்று மடக்கியே வைத்திருந்தார்கள். அந்த வருஷத்தில்தான் தேவகோட்டைச் சங்கம் ஒன்றில் ஸ்திரீகளின் முன்னேற்றம் பற்றி நான் ஒரு மணி நேரம் பேசினேன், கை தட்டினார்கள். சனிக்கிழமை இங்கே வந்து, அறை வாசலில் நின்று, “சௌக்கியமா அண்ணமிண்டி?” என்று கேட்டேன். “இருக்கேன் தம்பி” என்றார்கள். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வழக்கத்தை மீறினான் என்ற பேச்சு எனக்கும் வேண்டியிருக்கவில்லை.

வருஷம் கழிந்து எழுந்தபோது கால் பேச்சைக் கேட்கவில்லை. வயதான மாடு நுகத்தடிக்குப் பழகியபின் கொட்டடியிலேயே கிடந்துவிட்டால் மறுபடி எழுப்ப முடியாதென்று பண்ணையில் சொல்வார்கள். மனிதருக்கும் அப்படித்தான் என்று நமக்குத் தெரியாமற்போனது. சித்திரையில் விழுந்தார்கள். எலும்பு முறியவில்லை, பயம் பிடித்துக்கொண்டது. அதன் பின் முகப்புத் தூண் வரை வருவார்கள், தூணைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்ப்பார்கள், திரும்பிவிடுவார்கள்.

எதிரே உமையாள் ஆச்சிக்கும் அதே நிலை. அவர்களுக்கு இடுப்பு. இருவரும் ஆளுக்கொரு தூணைப் பிடித்துக்கொண்டு, நடுவில் பள்ளமாய்க் கிடக்கும் தெருவின் மேலாகப் பேசிக்கொள்வார்கள். பேச்சா அது? போர்.

“ஏ உமையா! இன்னிக்கு என்ன கொழம்பு?”

“ஒனக்குத்தான் மூக்கு இருக்கே, மோந்து பாரு!”

“மோந்துட்டுத்தான் கேக்கிறேன். கருகிப் போச்சுல்ல?”

“எம் மருமக வக்கிறதை அவகிட்டக் கேளு. அங்குட்டு இருந்துக்கிட்டே என் வீட்டு அடுப்பை நோண்டாதே!”

வண்டிக்காரர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். “அண்ணமிண்டி, ஊரே கேக்குதே” என்றேன் ஒரு முறை. “கேக்கட்டும் தம்பி. எட்டி நின்னு பேசுனா சத்தமாத்தான் பேசணும். கிட்டப் போக வழி பண்ணிக் குடுங்க, காதுக்குள்ள பேசிக்கிறோம்” என்றார்கள்.

பிறகு, “அந்தப் படிய ஒண்ணும் செய்ய முடியாதா தம்பி?” என்று கேட்டார்கள்.

அண்ணே, அவர்கள் என்னிடம் கேட்டது அந்த ஒரு தடவைதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? உயில் வாசகத்தை ஒப்பித்தேன். ‘எக்காலத்தும் எக்காரணங்கொண்டும் இடிக்கவோ குறைக்கவோ மாற்றவோ’ என்று, ஒரு சொல் விடாமல், கோர்ட்டில் நிற்பதைப் போல நின்று சொன்னேன். அண்ணமிண்டி முழுவதையும் கேட்டார்கள்.

“நல்லா எழுதியிருக்கீக தம்பி” என்றார்கள்.

மோல்மேனில் தவணையில் இருக்கும் உங்கள் மகனுக்கு எழுதினேன். பின்வாசலில் படி தாழ்வுதானே, அந்த வழியாகப் போகலாமே என்று பதில் வந்தது. இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு இது. வளவு முற்றம் தாண்டி இரண்டாங்கட்டு, அது தாண்டிச் சமையற்கட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலைப்படி. பின்தெருவில் இறங்கிச் சுற்றிக்கொண்டு வந்தால்தான் எதிர்வீடு. மகன் சொன்னான் என்பதற்காக அண்ணமிண்டி முயன்றார்கள். இரண்டாங்கட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். “பின்வாசலுக்குப் போறதுன்னா வழியில திங்கக் கட்டுச்சோறு வேணும்” என்று சொல்லி, மூச்சு வாங்க, அவர்களே சிரித்தார்கள்.

ஆனியில் நான் ஏற்பாடு செய்ததுதான் நாற்காலி. இரண்டு பேர் தூக்கினார்கள். முகப்பை விட்டு இறங்கும்போது நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. முன்னால் பிடித்தவன், “அலுங்காம எறக்குடா, சாமி பொறப்பாடு!” என்றான். அவன் கெட்டவன் அல்ல, வேடிக்கையாகச் சொன்னான். பிள்ளைகளெல்லாம் அரோகரா போட்டார்கள். எதிர்த் தூணிலிருந்து உமையாள் ஆச்சிகூடச் சிரித்துவிட்டார்கள். அண்ணமிண்டி மட்டும் சிரிக்கவில்லை.

“மேல ஏத்துங்கப்பா” என்றார்கள்.

உள்ளே வந்த பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்கள்: “என்னையத் தூக்குறதுக்கு ஒரு நாளு வரும் தம்பி. அன்னிக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அதுவரைக்கும் தூக்க வேண்டாம்.”

ஐப்பசி மழையில் உமையாள் ஆச்சிக்குக் காய்ச்சல் கண்டு, நெஞ்சில் சளி கட்டி, படுத்தார்கள். காரைக்குடி வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். அவர்கள் வீட்டார் உயில் பார்க்கவில்லை, பங்காளிகளைக் கேட்கவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டுத் தங்கள் படிகளை உடைத்து, தாழ்வான படிகளாக நீட்டிக் கட்டி, ஒரு பக்கம் இரும்புக் கம்பி நிறுத்திவிட்டார்கள். ஆகவே, அண்ணே, உங்கள் போட்டி முடிந்தது. தெருவிலேயே மிக உயர்ந்த முகப்பு இன்று உங்களுடையது. அதில் ஏறி வர ஆள் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

எதிர்த் தூண் வெறுமையாகிவிட்டது. அண்ணமிண்டி காலையில் வந்து, “உமையா!” என்று கூப்பிடுவார்கள். பதில் வராது. மருமகள் வெளியே வந்து, “முழிச்சுத்தான் இருக்காக ஆச்சி. சத்தம் கேட்டுச் சிரிச்சாக” என்று சொல்லிவிட்டுப் போவாள். அண்ணமிண்டி அதற்கும் சண்டைக்கு இழுக்கிற மாதிரி ஏதாவது சொல்லி அனுப்புவார்கள். இரண்டு வாரமாக, ‘சிரிச்சாக’ என்ற சேதியும் வரவில்லை.

சென்ற சனிக்கிழமை நான் மோட்டார் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது அந்த மருமகள் தெருவில் என்னை நிறுத்தினாள். “தை பொறக்கிறதை எங்க ஆச்சி பாப்பாகளான்னு தெரியலை. ஒங்க அண்ணமிண்டியை ஒருக்கக் கண்ணுல காட்டச் சொல்றாக. எங்க படியத்தான் நாங்க எறக்கிட்டோமே. ஒங்க படி என்ன, கோயில் கோபுரமா?” என்றாள். வக்கீலிடம் அப்படிப் பேச அவளுக்குத் தைரியம் வந்திருந்தது.

ஆத்தங்குடியிலிருந்து சவரிமுத்துக் கொத்தனாரை அழைத்துவரச் சொன்னேன். எதையும் உடைக்காமல் ஏதாவது செய்ய முடியுமா என்று பார்க்கத்தான். அவர் படிகளைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், பலகை போட்டால் செங்குத்தாக நிற்கும் என்றார். “ஒடைக்காமச் செய்யணும்னா ஒரே வழிதானுங்க ஐயா. தெருவை ஒசத்திருவோம்” என்றார்.

நான் சிரிக்கவில்லை. உயில் இருக்கிறது என்றேன்.

“உயில் எழுதுன பெரிய செட்டியாரு திரும்பி வந்து படிய எண்ணிப் பாக்கப் போறாகளா ஐயா?”

தூணருகில் உட்கார்ந்திருந்த அண்ணமிண்டி அதற்குப் பதில் சொன்னார்கள்: “வந்தாலும் தெருவுலதான் நிக்கணும். இந்தப் படி அவுகளுக்கு அப்பவே ஏறலையே.”

கொத்தனார் சிரித்தார். நான் திரும்பிப் பார்த்தேன்.

“என்ன சொல்றீக அண்ணமிண்டி?”

“ஏன், தெரியாதா ஒங்களுக்கு? கடைசி ஒண்ணரை வருஷமா அவுக எறங்கவே இல்லையே. ஒரு நாள் விடியக்காலம் கோயிலுக்குன்னு எறங்குனாக. திரும்பி வந்து ஏற மாட்டலை. கையையும் ஊண்டித் தவந்து ஏறி வந்தாக. நான்தான் பின்னால நின்னு தாங்குனேன். தெருவுல ஆளு இல்லை, நல்ல வேளை. ‘எவன்கிட்டயாச்சும் சொன்னே, பாத்துக்க’ன்னாக.”

“என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே?”

“எப்படிச் சொல்ல? நீங்க வாரப்பல்லாம் அவுக ராசாவாட்டம் நாற்காலியில உக்காந்திருப்பாக. ‘என்னையப் பாக்கணும்னா மேல வரட்டும்’னு சொல்லுவாக. நீங்களும் அதைக் கேட்டுச் சந்தோசமாப் போயிருவீக.”

“அப்பவே படிய எறக்கியிருக்கலாமே?”

“எறக்குனா எதுக்கு எறக்குறாகன்னு ஊரு கேக்குமே, தம்பி.”

இதுவே என் ஆறாவது பிராது.

பஸ்ஸில் திரும்பிப் போகும்போது எனக்கு ஒன்று நினைவு வந்தது. உயிலின் முதல் நகலில் நான் ‘நிலை, கதவு, தூண்’ என்றுதான் எழுதியிருந்தேன். விற்கப்படக்கூடியவை அவைதாம். நான் வாசித்து முடித்ததும் நீங்கள் விரலை உயர்த்தி, “படியையும் சேத்துக்க. முகப்பையும்” என்றீர்கள். படியை யார் அண்ணே விற்பார்கள்? கருங்கல்லைப் பெயர்த்து எந்தச் சந்தையில் வைப்பார்கள்? எழுத்தின் உள்நோக்கத்தைத் துருவிப் பார்ப்பதுதான் என் தொழில். அன்று நான் ஒன்றும் கேட்காமல் சேர்த்தேன். நீங்கள் போன பிறகு யாராவது அந்தப் படியைத் தாழ்த்தினால், ‘கடைசிக் காலத்தில் செட்டியாருக்கு ஏற முடியலை போல’ என்று ஊர் சொல்லும். அந்த ஒரு வார்த்தை வராமலிருக்கக் கல்லுக்குக் காவல் போட்டீர்கள். காவலுக்கு என்னை நிறுத்தினீர்கள்.

அந்தப் படி ஒரு மனிதனின் முட்டிக்கு என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் உள்ளங்கையில் அந்தக் கல்லின் சொரசொரப்பு பட்டிருக்கிறது. உங்களைத் தாங்கி நின்றவர்களுக்கும் ஒரு நாள் முட்டி தளரும் என்று நினைக்க உங்களுக்கு ஒண்ணரை வருஷ அவகாசம் இருந்தது. தெரியாமல் செய்த எதிர்வீட்டு மாமனாரை மன்னிக்கலாம், சொல்லிப் பார்த்த கொத்தனாரை மன்னிக்கலாம். தெரிந்து செய்த உங்களை எந்தச் சட்டப் பிரிவில் வைப்பது என்று இந்த வாரம் முழுவதும் யோசித்தேன்.

யோசித்ததில் வேறொன்றும் தட்டுப்பட்டது. முன்பெல்லாம் சனிக்கிழமை வந்து ஞாயிறு மாலை நான் திரும்பும்போது, பஸ் நிற்கும் இடம் வரை நீங்கள் கூட வருவீர்கள். பஸ் கிளம்பும் வரை நின்று, கண்டக்டரிடம், “வக்கீலய்யாவை முன்னாடி உக்கார வையி” என்று அதட்டுவீர்கள். கடைசியில் அது நின்றுபோனது. முகப்பிலேயே கையசைத்தீர்கள். அண்ணனுக்குக் கௌரவம் கூடிவிட்டது, இனித் தெருவில் நடக்கமாட்டார் என்று எண்ணிக்கொண்டேன். ஏன் வரவில்லை என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதட்டியிருப்பீர்கள். ஆனாலும் கேட்டிருக்க வேண்டும். நான் உங்களைப் பார்க்க வந்தவன்; நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன். உங்கள் மேல் நான் எழுதும் ஒவ்வொரு வரியும் இந்த இடத்தில் வந்து மடங்கிக்கொள்கிறது. உங்கள் கால் எனக்குத் தெரியவில்லை. அவர்கள் கால் எனக்குத் தெரிந்தும், வாசகத்தைக் காட்டினேன். இதில் யாருடைய குற்றம் பெரிது என்று நீதிபதியாக இருந்தால் நான் சொல்லிவிடுவேன். பிரதிவாதியாக இருப்பதால் சொல்ல நா எழவில்லை.

பங்காளிகளுக்கு இதற்குள் சேதி எட்டிவிட்டது. படியில் கை வைத்தால் உயிலைக் காட்டி வழக்குப் போடுவார்களாம். போடட்டும். என்னுடைய வாக்கியத்தை எனக்கு எதிராக வாசிப்பார்கள். அதில் விரல் நுழைக்க இடமில்லை என்பது எல்லோரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். தோற்பேன் என்று தெரிந்து நான் எடுக்கும் முதல் வழக்காக அது இருக்கும்.

எனக்கு இப்போது ஐம்பத்தைந்து வயது. சென்ற ஆவணி முதல் வலது முட்டியில் ஒரு பிடிப்பு. கோர்ட்டு மாடிக்குப் போகும்போது, கட்சிக்காரரோடு பேசுகிற பாவனையில் பாதியில் நின்று, மூச்சுவிட்டு, பிறகு ஏறுகிறேன். வீட்டில் சொல்லவில்லை. குமாஸ்தாவுக்குத் தெரியாது. உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இது. உயிலில் எழுதாமல் கொடுத்தது. வலியைச் சொல்லவில்லை, அதை மறைக்கும் வித்தையைச் சொல்கிறேன். நீங்கள் என் கையைப் பிடித்து வைத்திருந்தபோது இதுவும் சேர்ந்து வந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. நேற்று இங்கே திரும்பி வந்ததும் சவரிமுத்துவிடம், “கம்பி ஒரு பக்கம் போதாது, ரெண்டு பக்கமும் நிறுத்துங்க. எனக்கும் முட்டி புடிக்குது” என்று சொன்னேன். அண்ணமிண்டியும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கே புடிக்குது, எண்ணெய் தரவா என்று கேட்டார்கள். சரி என்றேன். நம் குடும்பத்து ஆண்பிள்ளை ஒருவன் அந்த முகப்பில் நின்று அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவையாக இருக்கவேண்டும். கூரை இடிந்து விழவில்லை.

ஆகவே இதனால் உங்களுக்கு அறிவிப்பது:

மார்கழியில் கொத்து வேலை தொடங்கமாட்டார்கள். தை வரை பொறுக்க உமையாள் ஆச்சிக்கு அவகாசம் இல்லை. எனவே வருகிற சனிக்கிழமை காலையில் மேற்படி படிகளை உடைக்கச் சவரிமுத்துவிடம் சொல்லியாகிவிட்டது. முதல் உளியை நான் பிடிக்கிறேன். அதற்கு உங்களுக்கு ஆட்சேபம் ஏதேனும் இருந்தால், அதைக் காரணங்களுடன், இந்த யுவ வருஷம் கார்த்திகை மாதம் வருகிற வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள், எழுத்து மூலமாக எனக்குத் தெரிவிக்கவேண்டியது. பிறர் மூலம் சொல்லி அனுப்புவதையோ, கனவில் வருவதையோ, பல்லி சொன்னது என்பதையோ நான் ஏற்கமாட்டேன். மறுமொழியில் மற்றெதற்குப் பதில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கீழ்க்கண்ட ஒன்றுக்கு அவசியம் பதில் வேண்டும்: அன்று விடியற்காலம் இந்தப் படியில் தவழ்ந்து ஏறியபோது, தேவகோட்டையில் உங்களுக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்ற நினைவு உங்களுக்கு வந்ததா, இல்லையா?

வெள்ளிக்கிழமை மாலை வரை இந்த முகப்பில் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி.